ஒரு படி அரிசியின் எடை

கொளஞ்சியம்மாள் மூச்சை அடக்கினால் அறையில் இருக்கும் மற்றவர்களும் அடக்கிக்கொள்வார்கள். அப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. வடிதாள் துண்டின் ஈர முனையில் அவள் ஏந்தியிருக்கும் பொருள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. ஒரு தும்மல் போதும், ஆறு வார வேலை ஜன்னல் வழியாகக் கிண்டி ரயில் நிலையத்துக்குப் போய்விடும்.

கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவே, கல்வராயன் மலை மேற்கே நீலமாகத் தெரிகிற ஒரு கிராமத்தில் பிறந்தவள். பதினொன்றாம் வகுப்பு வரை படித்தாள். சைதாப்பேட்டை அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வீரமணியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு நாள் கார்டு வந்தது. ஆராய்ச்சி நிலையமொன்றில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஆள் தேவை, தற்காலிகம். அது 1981. அவள் கழுவிய பாத்திரங்களில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழுவழுவென்று ஓடியது. பேராசிரியர் தெய்வசிகாமணி ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாளைப் படிக அறைக்கு அனுப்புங்கள் என்றார்.

படிக அறையில் நடந்துகொண்டிருந்த வேலை இது. சிலிக்கான் சில்லுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் கண்ணாடி இழை வழியாக வருகிற, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது மந்தமாகத்தான் பார்க்கும். கேலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த படிகம் அந்த ஒளியைச் சட்டென்று பார்த்துவிடும். அதற்குக் கணக்கு வராது. இரண்டையும் ஒன்றாக்கினால் பார்ப்பதும் கணக்கிடுவதும் ஒரே இடத்தில் நடக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வளர்க்கப் பார்த்தால் அணுக்களின் இடைவெளி ஒத்துவரவில்லை, நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம். ஆகவே படிகத்தை அதற்கு உகந்த இடத்தில் வளர்த்து, மேல்தோலை மட்டும் உரித்து, சிலிக்கான் மேல் ஒட்டுவது என்று முடிவானது.

தோலின் மேல் கறுப்பு மெழுகை ஒரு பொட்டு வைத்து அமிலத்தில் விட்டால், அமிலம் அடியில் இருக்கும் அடுக்கை மட்டும் தின்னும். தோல் மெழுகோடு மிதந்து வரும். அதைப் படலம் என்றார்கள். ஒரு படலத்தில் ஐந்து ஒளி உணரிகள், ஒவ்வொன்றும் கடுகில் பாதி. ஒட்டுவதற்குப் பசை கிடையாது. சிலிக்கான் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் மேல் படலம், அதன் மேல் பாரம். தண்ணீர் ஓரமாகக் கசிந்து போனதும் இரண்டு பரப்பும் தாமே பிடித்துக்கொள்ளும். படித்த கட்டுரையில் அப்படித்தான் போட்டிருந்தது.

பிடித்துக்கொள்ளவில்லை. பதினான்கு படலங்கள் ஒட்டினார்கள். பதினான்கும் கொப்புளம் விட்டன. இரண்டு படலங்கள் கொஞ்சம் நம்பிக்கை தந்தன. அவற்றை அளந்து பார்க்கக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குப் பேருந்தில் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது சில்லு தனியாகவும் படலம் தனியாகவும் இருந்தன.

திட்டம் 1987 செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. ஒட்டிய உணரி ஒன்றாவது வேலை செய்கிறது என்று அறிக்கை போனால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் மூடுவார்கள். மூடினால் பேராசிரியர் வேறு திட்டத்துக்குப் போவார், ஆராய்ச்சி மாணவன் அரங்கநாதன் வேறு தலைப்புக்குப் போவான். கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போவாள். ஆறு வருடத் தற்காலிகத்துக்கு அதற்கு மேல் போக்கிடம் இல்லை. பதினைந்தாவது படலத்தை உரித்து எடுத்தபோது அது அவளுக்குத் தெரியும். வேறு படிகம் மிச்சம் இல்லை என்பதும் தெரியும்.

இந்த முறை ஒட்டாமலே எடுத்துப்போவது, கோயம்புத்தூரில் வைத்து ஒட்டுவது என்று ஏற்பாடு. காமிரா பிலிம் வரும் பிளாஸ்டிக் டப்பாவில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, படலத்தை மெழுகோடு அதில் விட்டாள். சில்லு இன்னொரு டப்பாவில். இரண்டும் அவள் மடியில். பதினாறாம் தேதி புதன்கிழமை காலை அவளும் அரங்கநாதனும் சேலம் பேருந்தில் ஏறினார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல், இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் அறிவித்திருந்தது. நாளைக்குத்தானே, இன்றைக்கே போய்விடலாம் என்று பேராசிரியர் நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

தென்னாற்காட்டில் ஆர்வம் ஜாஸ்தி. மாலை ஐந்து மணிக்குத் தியாகதுருகம் தாண்டியதும் பேருந்து நின்றது. முன்னால் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. பின்னால் திரும்பலாம் என்று ஓட்டுநர் யோசிப்பதற்குள் பின்னாலும் ஒன்று சாய்ந்தது. நடத்துநர் மிச்சச் சில்லறையைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். இனிமேல் அவரவர் பாடு என்பது அதற்குப் பொருள்.

அரங்கநாதன் மாம்பலத்தில் பிறந்து மாம்பலத்தில் வளர்ந்தவன். கால்சட்டைக்குள் சட்டையைச் செருகியிருந்தான். இங்கே ஓட்டல் இருக்குமா என்று கேட்டான். கொளஞ்சியம்மாள் அண்ணன் வீடு இருக்கிறது என்றாள். ஒரு கரும்பு வண்டியில் பாதி தூரம், நடந்து மீதி தூரம். டப்பாக்களை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

அண்ணன் பழனி முற்றத்தில் உட்கார்ந்து ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா கொளஞ்சி, மரத்த வெட்டி பஸ்ஸ நிறுத்துனாத்தான் அண்ணன் வூட்டுக்கு வருவியா?"

"அந்த மரம் நீ வெட்னதா?"

"முன்னால கெடக்கறது நான். பின்னால கெடக்கறது வேற ஊரு. அவனுங்களுக்கு வெட்டவே தெரியல, வேலி மேல சாச்சிட்டானுங்க."

அன்றைக்குச் சோறு போடும்போது அண்ணி பாப்பாத்தி விருந்தாளியிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டாள். அரங்கநாதன் பத்து நிமிடம் விளக்கினான். பாப்பாத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அவன் மலையைக் காட்டி, அந்தப் பக்கமாகச் சேலம் போக முடியுமா என்று பழனியைக் கேட்டான்.

"தாராளமா போலாம் சார். கரியாலூரு ஏறி, வெள்ளிமல தாண்டி, அந்தாண்ட எறங்குனா ஆத்தூரு பக்கம் வந்துரும். ரெண்டு நாளு நடை." பழனி அவன் கால்களைப் பார்த்தான். "செருப்பு இதானா?"

மலைப் பேச்சு அதோடு முடிந்தது.

கொளஞ்சியம்மாளின் கவலை வேறு. படலம் தண்ணீரில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ஓரம் அரிக்கும். மறியல் ஏழு நாள். கோயம்புத்தூரில் ஒட்டலாம் என்று காத்திருந்தால் ஒட்டுவதற்கு எதுவும் இருக்காது. இங்கேயே ஒட்டிவிடலாம் என்றாள். அரங்கநாதன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். நாட்டு ஓடு, மண் சுவர், கூடத்தில் கடலை மூட்டை. ஆய்வகத்தில் காற்றை வடிகட்டி விடுகிறோம், அங்கேயே ஒட்டவில்லை, இங்கே தூசியில் எப்படி என்றான்.

"ஈரத்துல தூசி பறக்காது சார்," என்றாள்.

உள்ளறையைக் காலி செய்தாள். தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். இரண்டு புடவைகளை நனைத்து நாலு பக்கமும் கட்டித் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தி அரைமணி நேரம் யாரையும் விடவில்லை. பிறகு தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அரங்கநாதன் டார்ச் அடித்தான். அவனும் தலையில் ஈரத் துண்டு கட்டியிருந்தான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்த பழனி, அது ஏதோ பூசை மாதிரித் தெரிந்ததாகப் பிறகு சொன்னான்.

உழக்கில் பாதி அளக்கும் பித்தளை ஆழாக்கைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் சில்லை வைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர். மூச்சை அடக்கினாள். படலத்தை அதன் மேல் இறக்கினாள். அது தண்ணீரின் மேல் ஒரு கணம் நழுவி, பிறகு நின்றது.

பாரத்துக்கு வீட்டில் எடைக்கல் எதுவும் இல்லை. ஒரு பித்தளைப் படி இருந்தது. அதன் அடிப்பக்கம் விளிம்பு விட்டு உள்ளே குழிந்திருக்கும். புளி போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, அரிசியை நிரப்பிச் சில்லின் மேல் மெதுவாக இறக்கினாள். சாய்ந்துவிடாமல் மூன்று பக்கமும் செங்கல் நிறுத்தினாள். மெழுகுக்கும் படிக்கும் நடுவே வைக்க வேண்டிய எண்ணெய்த் தாள் பேருந்தில் விட்டுப்போன பையில் இருந்தது. செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும், துணி வைத்தால் நூல் உதிரும். ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை காலை மணி பத்து.

"அண்ணி, கீழ இருக்கறத யாரும் தொடக் கூடாது. எங்க வேலையே அதுலதான் இருக்குது."

பாப்பாத்தி தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அரங்கநாதனுக்கு இது புதிது. ஆய்வகத்தில் மறுநாள் காலையிலேயே பாரத்தைத் தூக்கிப் பார்த்துவிடுவான். இங்கே வெள்ளிக்கிழமை காலை உள்ளறைப் பக்கம் போனான். கொளஞ்சியம்மாள் கதவில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கேயும் போகத்தான் முடியாதே, எதற்கு அவசரம் என்றாள். அவன் திரும்பிப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் பழனி மறியலிலிருந்து சாப்பிட வந்தான். வடக்கே துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துப்போனதாக ரேடியோ சொன்னது. வேறு சில ஊர்களில் சேரிக் குடிசைகள் எரிந்ததாக ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். பழனி இரண்டையும் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். முதலாவதைப் பற்றி வெகுநேரம் பேசினான். இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொளஞ்சியம்மாள் அதைக் கவனித்தாள். குடிசையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்று எழுந்து கை கழுவப் போனான்.

திரும்பி வந்தவன் அரங்கநாதனிடம் பேச்சைத் திருப்பினான். இருபது சதவீதம் கேட்பது தப்பா என்று கேட்டான். அரங்கநாதன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். கஷ்டம் புரிகிறது, ஆனால் ஆராய்ச்சி மாதிரி இடங்களில் மதிப்பெண்ணைப் பார்த்து, தகுதியைப் பார்த்துத்தான் எடுக்க முடியும் என்றான்.

கொளஞ்சியம்மாள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், போன மாசம் நீங்க ஒரு படலத்தத் தூக்குனீங்களே, இன்னா ஆச்சு?"

"ரெண்டாச்சு."

"நான் தூக்குனது?"

"ஒண்ணாவே இருந்தது."

"மார்க்கு நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு ஜாஸ்தி?"

பழனிக்கு மோர் புரையேறியது. அரங்கநாதனும் சிரித்துவிட்டான். அது வேற விஷயம் என்றான். என்ன வேற விஷயம் என்று பழனி கேட்டதற்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அந்த வாரம் முழுவதும் யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் கள்ளக்குறிச்சிக்கு நடந்தார்கள். தாமதத்தைப் பேராசிரியருக்கு டிரங்க்கால் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேர நடை. வழியெல்லாம் மரங்கள் படுத்திருந்தன. ஏறி இறங்கினார்கள். தொலைபேசி நிலையத்தில் லைன் இல்லை, கம்பம் சாய்ந்துவிட்டது என்றார்கள். கம்பத்தைச் சாய்த்தது யார் என்று அரங்கநாதன் விசாரிக்கவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று.

உள்ளறையில் மூன்று செங்கற்கள் நின்றன. நடுவில் ஆழாக்கு கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் ஒன்றும் இல்லை. படியும் இல்லை.

கொளஞ்சியம்மாள் தரையில் மண்டியிட்டுத் தேடினாள். அரங்கநாதன் செங்கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பாப்பாத்தி வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னாத்தத் தேடறீங்க?"

"படி எங்க அண்ணி?"

"எட்டு மணிக்கே குடுத்துட்டேன். வூட்டுக்கு ஒரு படி அரிசின்னு மறியல் சமையலுக்கு வந்து நின்னாங்க. நீதான் நெறபடியா அளந்து வச்சிருந்தியே."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"கீழ இருக்கறதத் தொடாதன்ன. நான் தொடல. மேல இருந்த படியத்தான் தூக்கனேன்." பாப்பாத்திக்கு முகம் சுருங்கியது. "யாராச்சும் நெறபடி அரிசிய வூட்டுக்குள்ள சும்மா வச்சிருப்பாங்களா? குடுக்கத்தான்னு நெனச்சேன். மெட்ராஸ்ல இருந்து வந்து இவளுக்கும் ஊரு மேல அக்கறை இருக்குதேன்னு சந்தோசமாக்கூட இருந்துச்சு."

அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் நிறைபடி அரிசி ஒரு வீட்டில் அளந்து நிற்கிறதென்றால், ஒன்று கல்யாணம், இல்லை யாருக்கோ கொடுப்பதற்கு. எடைக்காக அரிசி வைப்பார்கள் என்று எந்த வீட்டில் யார் நினைப்பார்கள்?

சில்லு எங்கே? கொளஞ்சியம்மாள் ஆழாக்கின் முதுகை விரலால் தடவினாள். பிசுபிசுப்பு இல்லை. அப்போதுதான் எண்ணெய்த் தாள் ஞாபகம் வந்தது. மெழுகு என்று பேர், ஆனால் தார் சாதி. மூன்று நாள் ஓட்டுச் சூட்டில், இரண்டு கிலோ பாரத்தில் அது படியின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாப்பாத்தி படியைத் தூக்கியபோது சில்லும் கூடப் போயிருக்கிறது. எதுவரை போயிற்று என்பதுதான் கேள்வி. வழியில் விழுந்ததா, அரிசியில் விழுந்ததா?

மறியல் சமையல் சங்கராபுரம் சாலையில், மூன்று மைல். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பாதி வழியில் அரங்கநாதன் நின்றான். 

"உலைல விழுந்திருந்தா? அது ஆர்சனிக்."

"எவ்ளோ இருக்கும் சார்? கணக்குப் போடுங்க."

அவன் நடந்துகொண்டே போட்டான். படலம் முழுவதும் அரை மில்லிகிராம். அதில் பாதிதான் ஆர்சனிக். இருநூறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றுமே வராது. சில்லு யார் பல்லிலாவது மாட்டினால் பல் போகும்.

"அப்ப அந்தப் பேர அங்க சொல்லாதீங்க. நம்மூர்ல அதுக்குப் பாஷாணம்னு பேரு. நீங்க கணக்க முடிக்கறதுக்குள்ள நம்மள முடிச்சிருவாங்க."

சொன்னாளே தவிர, மனதுக்குள் அவள் வேறு முடிவு செய்திருந்தாள். படியில் சில்லு இல்லையென்றால் உலையைக் கவிழ்க்கச் சொல்லிவிடுவது. காரணம் கேட்பார்கள். சொல்ல வேண்டும். இருநூறு பேர் பட்டினி, அண்ணனுக்குத் தலைகுனிவு, தனக்கு வேலை இல்லை. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

சாலை நடுவே கல் கூட்டி நாலு அடுப்பு. வெட்டிய புளியங்கிளைகளே விறகு, பச்சை விறகு, ஒரே புகை. ஆண்கள் அடிமரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கித்தானில் அறுபது எழுபது படிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பாதி அரிசி உலையில், பாதி இன்னும் கூடைகளில்.

சமையலுக்குத் தலைமை தைலம்மாள் என்ற அறுபது வயதுக்காரி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கொளஞ்சியம்மாள், பழனி தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு, எங்கள் வீட்டுப் படி வேண்டும் என்றாள்.

"சோறு ஆவட்டும். வூடு வூடா அனுப்பறேன்."

"இப்பவே வேணும்."

"ஒரு படிக்கு மெட்ராஸ்ல இருந்து ஆபீசரக் கூட்டினு வந்துகிறியா?" தைலம்மாள் அரங்கநாதனின் சட்டையைப் பார்த்தாள். "தேடிக்க. பேரு வெட்டியிருக்குதில்ல?"

பேர் வெட்டியிருந்தது. 'ப.பா' என்று புள்ளி புள்ளியாக. இருவரும் கித்தானில் உட்கார்ந்து படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அறுபத்திரண்டு படிகள். பழனி என்று மூன்று படிகளில் இருந்தது, கூடப் பாப்பாத்தி எதிலும் இல்லை. படி கிடைக்கவில்லை. அடுப்பில் உலை பொங்கி வந்தது. அடுத்த அண்டாவில் அரிசி போட ஒருத்தி கூடையைத் தூக்கினாள். கொளஞ்சியம்மாள் எழுந்து வாயைத் திறந்தாள்.

தைலம்மாள் அந்த அண்டாவுக்குத் தண்ணீர் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பீப்பாயில் முக்குவதும் ஊற்றுவதுமாக இருந்தாள். கையில் ஒரு படி.

"ஆயா, அந்தப் படியக் கொஞ்சம் காட்டுங்க."

"இதுல இன்னா இருக்குது? கையில சிக்குனது."

ப.பா. கொளஞ்சியம்மாள் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள்.

குழிந்த அடியின் நடுவே துவரம்பருப்பு அளவில் கறுப்பு மெழுகு. அதற்கு மேல், இப்போது வானத்தைப் பார்த்து, சாம்பல் நிறச் சதுரமாகச் சில்லு. தண்ணீர் முத்து முத்தாக அதன் மேல் நின்றது.

அவள் படியை இடது கையில் அணைத்துக்கொண்டாள். பிறகு சுண்டுவிரல் நகத்தால் சில்லின் ஓரத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அசையவில்லை.

அரங்கநாதன் சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மெழுகு படியைப் பிடித்திருக்கிறது, சரி. மெழுகுக்குக் கீழே படலம். படலத்துக்குக் கீழே சில்லு. சில்லைத் தாங்க வேறு எதுவும் கிடையாது. படலம் விட்டிருந்தால் அது விழுந்திருக்கும். தலைச்சுமையில் மூன்று மைல் வந்து, கித்தானில் உருண்டு, பீப்பாயில் எத்தனை முறை முங்கியதோ தெரியாது. விடவில்லை. இரண்டு தடவை பேருந்துக் குலுக்கலுக்கே கழன்றுபோன ஒட்டு.

"எழுபது மணி நேரம்," என்றான். "வியாழன் பத்து, ஞாயிறு எட்டு. நாம மறுநாளே தூக்கிப் பாத்துக்கிட்டிருந்தோம். தண்ணி முழுசாப் போறதுக்கே மூணு நாள் ஆகும்போல."

"நீங்க தூக்கிப் பாத்துக்கினு இருந்தீங்க," என்றாள் கொளஞ்சியம்மாள்.

தைலம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படியின் அடியில் என்னமோ அழுக்கு ஒட்டியிருக்கிறது, இவர்கள் அழாத குறையாக நிற்கிறார்கள். படித்தவர்கள் சங்கதி. ரெண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு படி எடுத்துக்கொண்டாள். அரங்கநாதன் அடிமரத்தின் மேல் மறியல்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து பூசணிக்காய்ச் சாம்பார் சாப்பிட்டான். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டான். பழனி அந்தப் பக்கமாக வந்து பார்த்துவிட்டு, ஒரு சதவீதம் உங்களுக்கும் கேட்கட்டுமா சார் என்று கேட்டுவிட்டுப் போனான்.

புதன்கிழமை மறியல் முடிந்தது. வியாழக்கிழமை மரங்களை அறுத்து ஓரமாகத் தள்ளினார்கள். பழனி தான் வெட்டிய மரத்தை நாலு ரூபாய்க் கூலிக்குத் தானே அறுத்தான். முதல் பேருந்தில் கொளஞ்சியம்மாள் படியை மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டு சேலம் வரை ஒரே நிலையில் உட்கார்ந்து போனாள். பக்கத்து இருக்கைக்காரர் அது என்ன சாமி என்று கேட்டார். சாமி இல்லை, வேலை என்றாள்.

கோயம்புத்தூரில் மெழுகைக் கரைத்தார்கள். நுண்ணோக்கியில் அரங்கநாதன் வெகுநேரம் பார்த்தான். படலத்தில் கொப்புளம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் மெல்லிய கோடு, அதன் மேல் இருந்த உணரி செத்திருக்கும். மீதி நான்குக்குத் தங்கக் கம்பி இழுத்தார்கள்.

அளக்கும் அறையை இருட்டாக்குவார்கள். அப்போது உதவியாளர்கள் வெளியே நிற்பது வழக்கம். கல்லூரிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். கொளஞ்சியம்மாள் நகரவில்லை. அவங்க இருக்கட்டும் சார், அவங்கதான் ஒட்டினாங்க என்றான் அரங்கநாதன். கல்லூரிக்காரர் கதவைச் சாத்தினார்.

இழை வழியாக ஒளி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஆகவே வந்ததும் தெரியவில்லை. திரையில் தட்டையாக ஓடிய பச்சைக் கோடு எழுந்து ஒரு பல் மாதிரி நின்று மறுபடி விழுந்தது. சிலிக்கான் தானாகப் பார்த்திருந்தால் அந்தப் பல் சோம்பலாகச் சரிந்திருக்கும். இது செங்குத்தாக நின்றது. நான்கு உணரிகளும் அப்படியே. கொளஞ்சியம்மாள் தன் விரலை இழையின் முனைக்கு முன்னால் நீட்டினாள். பல் மறைந்தது. எடுத்தாள். வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

அறிக்கை இருபத்தெட்டாம் தேதி போனது. திட்டத்தை மூன்று வருடம் நீட்டி டிசம்பரில் கடிதம் வந்தது. அதில் தொழில்நுட்ப உதவியாளர் என்று ஒரு பணியிடமும், அதற்கு நேரே அவள் பெயரும் இருந்தன. பேராசிரியர் கடிதத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு, படிக அறைச் சாவி இனி தன்னிடம் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அவருக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் கொடுத்தார்.

ஜனவரியில் புதிய படிகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினாறாவது படலத்தை ஒட்டிப் பாரம் ஏற்றிப் பூட்டினாள். சனிக்கிழமை காலை பேராசிரியர் வந்து கதவுக்கு முன்னால் நின்றார். கூடவே டில்லியிலிருந்து வந்த ஒரு அதிகாரி. ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார் பேராசிரியர். கொளஞ்சியம்மாள் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வாங்க சார்," என்றாள். பிறகு இருவருக்கும் டீ சொல்லி அனுப்பினாள்.